திரைக் காவலர் வீட்டுக்கு வந்த கதை



காவலர் குற்றவாளியைத் துப்புத் துலக்கிப் பிடிக்கும் கதையொன்று திரையரங்குகளில் வெற்றி பெற்றுவிட்டால், அக்கதையின் மாந்தரையே வைத்துத் தொலைக்காட்சித் தொடர் எடுத்து, வீட்டுக் கூடத்துக்கே அனுப்பி வைக்கும் வழக்கம் உலகில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இருந்து வருகிறது. அவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, அதனால் காவலர் கதை என்ன மாறுதல் அடைந்தது என்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

பொழுதுபோக்குக்கு வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம்மில் பலர் காவல் நிலையம் ஒன்றின் உட்புறத்தைக் கண்டதே இல்லை. ஒரு குற்றம் எவ்வாறு ஆராயப்படுகிறது, ஒருவரிடமிருந்து உண்மை எவ்வாறு பெறப்படுகிறது என்பன பற்றி நாம் அறிந்ததாக எண்ணிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி இத்தகைய கதைகளிலிருந்து வந்ததே. கருத்தை உருவாக்கும் பொருளுக்கு வரலாறு வேண்டாமா?

முதலில் சோழநாட்டுக்கு ஏற்ற உவமை ஒன்று சொல்கிறேன். திரைப்படம் திருவாரூர்த் தேரோட்டம் போன்றது. ஊரெல்லாம் கூடி வடம் பிடிக்கிறது. தேர் வீதி சுற்றி நிலைக்கு வந்து சேர்ந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. தொலைக்காட்சித் தொடரோ நித்திய பூசை போன்றது. வேளை தவறாமல் மணி அடிக்க வேண்டும், நைவேத்தியம் வைக்க வேண்டும். நாள்தோறும் தேரிழுக்க எவராலும் இயலாது. ஆகவே திரையில் வென்ற கதையைத் தொடராக்க முனைகிறவர், தேரிலிருந்த மூர்த்தியைக் கீழே இறக்கிக் கருவறையில் எழுந்தருளச் செய்தாக வேண்டும். அப்போது அலங்காரம் குறையும். ஆனால் நெருங்கி நின்று முகத்தைப் பார்க்க முடியும்.

தொலைக்காட்சி வருவதற்கு நெடுநாள் முன்பே, துப்பறியும் கதை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் குடிபெயர்வது நம் காவிரிப் படுகையில் நிகழ்ந்ததுண்டு. தஞ்சையிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் சாலையில் வடுவூர் இருக்கிறது. கோதண்டராமர் கோயிலாலும், குளிர்காலத்தில் வந்திறங்கும் பறவைகள் நிறைந்த ஏரியாலும் அவ்வூரைப் பலர் அறிவர். அவ்வூரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட நாவலாசிரியர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் 1880-ஆம் ஆண்டு பிறந்து 1942-இல் மறைந்தார். மர்மமும் திருப்பமும் நிறைந்த அவருடைய நாவல்களை உங்கள் கொள்ளுப்பாட்டிகள் அடுப்பங்கரையில் ஒளித்து வைத்துப் படித்திருக்கக்கூடும். இலக்கிய விமரிசகர்கள் அவரைப் பெரிதாக மதித்ததில்லை. மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவருடைய ‘மேனகா’ என்னும் நாவலை டி. கே. எஸ். சகோதரர்கள் நாடகமாக நடித்தார்கள். அந்நாடகம் 1935-இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. புராணக் கதைகளே பேசும் படங்களாக வந்துகொண்டிருந்த நாளில், அன்றாட வாழ்க்கையைக் காட்டிய முதற் படங்களுள் ஒன்று என்று அது போற்றப்படுகிறது. பின்னர் 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார், ‘கும்பகோணம் வக்கீல்’ என்னும் அவருடைய மற்றொரு நாவலைத் ‘திகம்பர சாமியார்’ என்ற பெயரில் படமாக்கினர். வில்லனாகவே பிற்காலத்தார் நினைவில் நிற்கும் எம். என். நம்பியார் அதில் கதாநாயகர். குற்றத்தைக் கண்டுபிடிக்கும் பொருட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாறுவேடங்கள் புனைகிறார். காவிரிக்கரைக் குடந்தையின் வக்கீல் ஒருவர் செய்யும் சூழ்ச்சியை வெளிப்படுத்துவதே கதை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. துப்பறிகின்றவர் ஏன் சாமியாராக இருக்கிறார்? அதே ஊரில் காவல் நிலையமும் இன்ஸ்பெக்டரும் இல்லாமலா போயினர்? வாசகரின் வியப்பைத் தூண்டவே ஆசிரியர் அவ்வாறு அமைத்தார் என்று சொல்லிவிடலாம். எனினும் அதற்குப் பின்னே வரலாற்றுக் காரணமும் உண்டு என்பது என் எண்ணம்.

சென்னை மாகாணத்தில் கும்பினியார் ஆட்சியில் வரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் தாசில்தாரிடமும் அவருக்குக் கீழ்ப்பட்ட சேவகரிடமும் ஒருங்கே இருந்தன. நிலவரி பாக்கியானாலும் களவு போனாலும் விசாரிக்கின்றவர் ஒருவரே. விசாரணை என்பதற்குப் பொருள் வதைத்தலே என்ற முறையீடு இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரையில் சென்றது. அதன் விளைவாக அமைக்கப்பட்ட ஆணையம் 1855-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அதன் உறுப்பினர். அந்த ஆங்கில அறிக்கையில் நம் தமிழ்ச் சொற்கள் இரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று ‘கிட்டி’, விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கருவி. மற்றொன்று ‘அண்ணாந்தாள்’, ஒருவனைக் கயிற்றாலோ அவன் துணியாலேயோ வளைத்துக் கட்டி, நிமிரவொட்டாமல் வெயிலில் வைக்கும் தண்டனை. நம் மொழி உலகுக்கு வழங்கிய சொற்கள் என்று நாம் பெருமையோடு அடுக்கும் பட்டியலில் இவ்விரண்டையும் எவரும் சேர்ப்பதில்லை.

அவ்வறிக்கைக்குப் பின் 1859-இல் 24-ஆம் சட்டம் வந்தது. வரித்துறையினின்றும் பிரித்து, தனிக் காவல்துறை அமைக்கப்பட்டது. 1872-இல் இயற்றப்பட்ட இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, காவல் அதிகாரியிடம் ஒருவர் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கலாகாது என்று விதித்தது. இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். காவல்துறையை ஏற்படுத்திய அரசே, அத்துறையினர் முன்னிலையில் ஒருவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்னால் அதனை ஏற்க வேண்டா என்று நீதிபதிக்குக் கட்டளையிட்டது! அடித்து வாங்கப்பட்டதோ என்னும் ஐயம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி 23-ஆம் பிரிவாக நீடிக்கிறது.

இத்தகைய பின்னணியில் எழுதிய நாவலாசிரியர், தம் நாயகருக்குக் காக்கியைவிடக் காவி பொருந்தும் என்று கருதியதில் வியப்பில்லை. ஆயினும் ஒரு முரண்பாட்டையும் மறைப்பதற்கில்லை. வக்கீலிடமிருந்து உண்மையை வரவழைக்கத் திகம்பர சாமியார் கையாளும் வழி, அவரை நாட்கணக்கில் உறங்கவிடாமல் வைத்திருப்பதே. கிட்டியில்லை, அண்ணாந்தாள் இல்லை. எனினும் வதை வதைதான். அரங்கிலிருந்தவர் கைதட்டினர். சட்டம் நம்ப மறுத்த வாக்குமூலத்தைக் கதை மகிழ்ச்சியோடு நம்பியது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மீண்டும் இதற்கு வருவோம்.

விடுதலைக்குப் பின் காக்கிச் சட்டைக்கும் பெருமை வந்தது. மகேந்திரன் எழுதிச் செந்தாமரை நடித்த மேடை நாடகத்தைச் சிவாஜி கணேசன் தம் மன்றத்தின் வாயிலாகத் ‘தங்கப் பதக்கம்’ என்று நடத்தினார். 1974-இல் பி. மாதவன் இயக்கத்தில் அது படமாயிற்று. குற்றவாளியாகிவிட்ட தன் மகனையே சுடத் துணியும் காவல் கண்காணிப்பாளரின் கதை அது. மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்த திருவாரூர்ப் பக்கத்தாருக்கு அதனை விளக்க வேண்டிய தேவையே இருந்திராது.

இவ்வாறு நம் நாட்டில் நூலிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து திரைக்கும் கதை ஏறியது. திரையிலிருந்து வீட்டுக்கு இறங்கிய வரலாற்றைக் காண, தொலைக்காட்சி முன்னதாகவே பரவிய அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும்.

1948-இல் அங்கே இரண்டு படங்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றான ‘நேக்கட் சிட்டி’, நியூயார்க் நகரத் தெருக்களிலேயே படமாக்கப்பட்ட கொலை விசாரணைக் கதை. பத்தாண்டு கழித்து, 1958-இல், அதே பெயரில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கி 1963 வரையில் நடந்தது. நகரமே கதாநாயகன் என்ற கருத்தைப் படத்திலிருந்து தொடர் எடுத்துக்கொண்டது. ஒரு கொலைக்குப் பதிலாக வாரம் ஒரு வாழ்க்கை. படத்தில் தலைமை ஏற்ற மல்டூன் என்னும் அதிகாரி தொடரிலும் வந்தார். அவ்வேடம் பூண்ட நடிகர் விலக விரும்பியதும் முதற் பருவத்தின் நடுவிலேயே அவர் இறந்துபோவதாகக் கதையை மாற்றினர். காவல் பணி மட்டும் நிற்கவில்லை. அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்து அமர்ந்தார். உண்மையான அலுவலகங்களில் நடப்பதும் அதுதானே!

மற்றொரு படம் ‘ஹீ வாக்டு பை நைட்’. அதில் தடய ஆய்வாளராகச் சிறு வேடம் ஏற்ற ஜாக் வெப் என்னும் நடிகர், படத்துக்கு ஆலோசகராக வந்திருந்த லாஸ் ஏஞ்செல்ஸ் காவல்துறை சார்ஜெண்டு மார்ட்டி வின் என்பவருடன் பழகினார். காவலர் உண்மையில் எவ்வாறு வேலை செய்கிறார்கள் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அவ்வெண்ணம் நேரே தொலைக்காட்சிக்குச் செல்லவில்லை என்பதை வானொலி நேயர்களாகிய உங்களுக்குச் சற்றுப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். 1949-இல் அது ‘டிராக்நெட்’ என்ற வானொலி நாடகமாயிற்று. நம் செம்படவர் மொழியில் சொன்னால் இழுவலை. 1951-இல் தொலைக்காட்சிக்குப் போய், 1954-இல் மீண்டும் திரைப்படமாகவும் வந்தது. அந்நாடகத்தில் வீரதீரச் செயல்கள் குறைவு. வீடு வீடாகச் சென்று கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, காத்திருப்பது, தொலைபேசியில் பேசுவது ஆகியவையே மிகுதி. சலிப்பூட்டும் வேலையைச் சலிப்பில்லாமல் கேட்கச் செய்தது அதன் வெற்றி. ஆனால் அதற்கு விலையும் உண்டு. காவல்துறையின் கோப்புகளையும் ஒத்துழைப்பையும் நம்பி நடந்த அந்நாடகம், காவல்துறையைக் கடிந்து பேசக் கண்டதில்லை.

இவ்வகைத் தொடர்களுள் நீங்கள் அறிந்துகொள்ளத் தக்கது என நான் கருதுவது ‘இன் த ஹீட் ஆஃப் த நைட்’. 1965-இல் ஜான் பால் எழுதிய நாவல் அது. 1967-இல் நார்மன் ஜூவிசன் அதனைப் படமாக்கினார். கறுப்பினத்தவரைத் தாழ்த்தி நடத்திய சட்டங்கள் ஒழிக்கப்பட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்னும் சிற்றூர் கதைக்களம். நள்ளிரவில் ஒரு செல்வர் கொலையுண்டு கிடக்கிறார். புகைவண்டி நிலையத்தில் அயலூர்க் கறுப்பர் ஒருவர் வண்டிக்காகக் காத்திருக்கிறார். அவர் பையில் பணம் இருக்கிறது. வேறென்ன சான்று வேண்டும் என்று அவரைக் கைது செய்து இழுத்து வருகின்றனர். விசாரித்தால் அவர் பிலடெல்பியா நகரத்தின் கொலை வழக்கு நிபுணர், விர்ஜில் டிப்ஸ் என்னும் காவல் அதிகாரி!

அவ்வூர்த் தலைமைக் காவலர் கில்லெஸ்பி அவசரக்காரர். டிப்ஸுக்குப் பிறகு ஓர் இளைஞனைப் பிடித்து அடைக்கிறார். அடித்தவன் வலக்கைப் பழக்கம் உடையவன், பிடிபட்டவனோ இடக்கைப் பழக்கம் உடையவன் என்று டிப்ஸ் காட்டுகிறார். பின்னர்த் தம் கீழ் வேலை செய்யும் காவலரையே கில்லெஸ்பி சந்தேகிக்கிறார். அதுவும் பிழை. கைதும் மிரட்டலும் ஒவ்வொரு முறையும் தவறான ஆளிடம் கொண்டு சேர்க்கின்றன. பிணத்தையும் பொருளையும் பொறுமையாக ஆராய்வது சரியான ஆளிடம் சேர்க்கிறது. டிப்ஸாக நடித்தவர் சிட்னி பாய்ட்டியர். தென் மாநிலங்களில் அவருக்கு முன்பு நேர்ந்த தொல்லையை எண்ணி அங்கே போக அவர் உடன்படாமையால், வடக்கே இல்லினாய் மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்ற பெயருள்ள வேறோர் ஊரில் பெரும்பகுதியைப் படமாக்கினர். படம் சொல்ல வந்த செய்தியைப் படப்பிடிப்பே சொல்லிவிட்டது. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கார் விருதுகள் அதற்குக் கிடைத்தன.

படத்தின் முடிவில் கில்லெஸ்பி டிப்ஸை ரயிலேற்றி அனுப்புகிறார். இருவரும் கைகுலுக்கிப் பிரிகின்றனர். அழகிய முடிவுதான். ஆனால் அந்த ஊர் நாளைக்கு எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு விடையில்லை. அயலார் வந்தார், வழக்கை முடித்தார், போய்விட்டார். தேர் நிலைக்கு வந்துவிட்டது.

1988 மார்ச்சில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது இந்த முடிவுதான் தொடராசிரியர்களுக்கு இடையூறாக இருந்தது. ரயிலேறிப் போனவரை வைத்து வாரந்தோறும் கதை சொல்வது எப்படி? அவர்கள் கண்ட வழி எளியது. டிப்ஸ் தம் தாயாரின் ஈமச்சடங்குக்காக ஸ்பார்ட்டா வருகிறார். அது அவருடைய சொந்த ஊர் என்றாகிறது. துப்பறியும் பிரிவின் தலைமைப் பதவியை நகரத்தார் அவருக்கு அளிக்கின்றனர். அவர் தங்கிவிடுகிறார். இந்தச் சிறு மாற்றத்தால் கதையின் இயல்பே மாறிவிட்டது. விருந்தாளியாக வந்தவரிடம் ஓரிரவு மரியாதை காட்டுவது ஒன்று. பக்கத்து மேசையில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பவரோடு வேலை செய்வது வேறு. கரோல் ஓ’கானர் கில்லெஸ்பியாகவும் ஹோவர்டு ராலின்ஸ் டிப்ஸாகவும் நடித்தனர். தொடர் 1995 வரை நீடித்தது. அதற்குள் கில்லெஸ்பி, ஹேரியட் டிலாங் என்னும் கறுப்பினப் பெண்மணியை மணந்துகொள்கிறார். அவரிடமிருந்த தலைமைக் காவலர் பதவிக்கும் கறுப்பினத்தவர் ஒருவர் வருகிறார். படம் கைகுலுக்கலோடு நிறுத்தியதைத் தொடர் திருமணம் வரையில் கொண்டுபோயிற்று. கலை நயத்தில் படத்துக்குத் தொடர் ஈடாகாது. ஆயினும் ஒரு நாட்டின் மனமாற்றம் ஒரே இரவில் நடப்பதன்று என்பதைச் சொல்ல நீண்ட தொடரே ஏற்ற வடிவம் என்று தோன்றுகிறது.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதன் அலை தஞ்சைத் தரணியை எட்டவில்லை. 1982-இல் இலங்கையின் ரூபவாகினி ஒளிபரப்பத் தொடங்கியதும், வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரத்தார் உயர்ந்த கம்பங்களில் ஆண்டெனா கட்டி அதனைப் பார்த்தனர். தென்னையை விட உயரமாகக் கம்பம் நட்டவர்களும் உண்டு. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கிய பின், பெட்டியில்லாத குடிசை அரிதாயிற்று.

நம் திரைக் காவலர்களுள் தொலைக்காட்சிக்குப் போனவர் ஒருவர் உண்டு. ஆனால் அவர் நேர்வழியில் போகவில்லை. 2010-இல் ஹரி இயக்கிய ‘சிங்கம்’ வெளிவந்தது. தூத்துக்குடி மாவட்டத்து நல்லூரில் உதவி ஆய்வாளராக இருக்கும் துரைசிங்கம், சென்னைப் பெருங்குற்றவாளி ஒருவனோடு மோதும் கதை. சூர்யா நடித்தார். மறு ஆண்டே ரோஹித் ஷெட்டி அதனை இந்தியில் எடுத்தார். தூத்துக்குடிக்காரர் அங்கே மராட்டியராகி, ஊர் கோவா எல்லைக்கு நகர்ந்தது. அந்த இந்திப் பதிப்பின் வெற்றியால் 2018-இல் டிஸ்கவரி கிட்ஸ் அலைவரிசையில் ‘லிட்டில் சிங்கம்’ என்னும் சித்திரத் தொடர் பிறந்தது. அதில் காவல் வீரர் ஒரு சிறுவன்! தமிழ்ப் பேச்சோடும் அது ஒளிபரப்பாயிற்று. நல்லூரில் பிறந்த சிங்கம் மும்பை போய்க் குட்டியாகித் தமிழ்க் குழந்தைகளிடம் திரும்பி வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அதே ரோஹித் ஷெட்டி தம் காவலர் படங்களின் உலகத்தைச் சார்ந்தே 2024 ஜனவரியில் ‘இந்தியன் போலீஸ் ஃபோர்ஸ்’ என்னும் ஏழு பகுதித் தொடரை இணையவழியில் வெளியிட்டார்.

அமெரிக்கத் தொடர்களோடு இவற்றை ஒப்பிட்டால் ஒரு வேற்றுமை புலனாகும். அங்கே கதை வீட்டுக்கு வந்தபோது அலங்காரம் குறைந்து வேலை மிகுந்தது. இங்கே வீட்டுக்கு வந்த பின்னும் தேர் தேராகவே இருக்கிறது. பாய்ச்சலும் அடியும் குறையவில்லை. வழக்கு நாட்குறிப்பு எழுதும் காவலரையும், சாட்சியைத் தேடிப் பத்து முறை நடக்கும் தலைமைக் காவலரையும் நான் இத்தொடர்களில் தேடிக் களைத்துவிட்டேன். நாயகன் ஓங்கி அறைந்ததும் உண்மை வெளிவருகிறது. உறங்கவிடாத சாமியாரின் முறை மடியாமல் வாழ்கிறது.

இது வெறும் கதைதானே என்று விட்டுவிட முடியாதபடி ஒரு நிகழ்ச்சி நடந்தது. திரையில் துரைசிங்கம் காவல் புரிந்த அதே தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளத்தில், 2020 ஜூன் மாதம், ஊரடங்கு நேரத்துக்குப் பின்னும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். சில நாட்களுக்குள் இருவரும் அடுத்தடுத்து மாண்டனர். நாடே கொதித்தது. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை ஏற்றுக் காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியது. அந்நாட்களில் இயக்குநர் ஹரி வெளியிட்ட அறிக்கையில், காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்தமைக்காகத் தாம் வேதனைப்படுவதாகக் குறிப்பிட்டார். வெற்றிப் படங்களை எடுத்த ஒருவர் அவ்வாறு எழுதியதைத் திரைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடலாகாது.

1855-இன் ஆணையத்தார் ஆராய முயன்றது பூட்டிய அறைக்குள் நடந்ததை. சாத்தான்குளத்திலும் கேள்வி அதுவே. அந்நிலையத்தில் ஒளிப்பதிவுக் கருவி இருந்தது. விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர், காட்சிகள் நாள்தோறும் தாமாகவே அழிந்துபோகும்படி அது அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று, வேறொரு வழக்கில், நாட்டிலுள்ள ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், பூட்டறை, நடைவழி எல்லாம் தெரியும்படி ஒளியும் ஒலியும் பதியும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதிவுகளைப் பதினெட்டுத் திங்கள் பாதுகாக்க வேண்டும் என்றும், அதற்கு வாய்ப்பில்லையேல் ஓராண்டுக்குக் குறையாமலேனும் வைத்திருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்புக் கூறுகிறது.